ஒவ்வொரு யானைக்கும் ஒரு முகம்: உண்ணிச்செடியில் எழுந்து உலகம் சுற்றிய கூட்டம்!

ஊரும் உருவமும் – வாரத் தொடர்

தர்மபுரி மாவட்டத்தில் யானை என்றால் ஆளுக்கொரு கதை வைத்திருப்பார்கள். பாலக்கோட்டுக்காரருக்கு அது ராகிக் கொல்லையை மிதித்த யானை. பென்னாகரத்துக்காரருக்கு ஒகேனக்கல் சாலையில் வண்டியை மறித்த யானை. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு செல்போன் வீடியோவில் பார்த்த யானை.

கதைகள் பல இருந்தாலும் எல்லாவற்றிலும் யானை வெறும் 'யானை'தான். அது எந்த யானை, அதன் வயது என்ன, அது எப்படிப்பட்ட குணம் கொண்டது என்று யாரும் கேட்பதில்லை. நீலகிரி மாவட்டம் கூடலூரில் பழங்குடிக் கைவினைஞர்கள் இந்தக் கேள்வியைக் கேட்டார்கள். பதிலைச் சிற்பமாகவே செய்தும் காட்டினார்கள். காட்டை அடைத்துக்கொண்டிருக்கும் ஒரு களைச்செடியை வெட்டி, நிஜ அளவில் அவர்கள் செய்த யானைகள் லண்டன், நியூயார்க் என்று போய் வந்திருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி முகம். ஒவ்வொன்றும் எங்கோ உயிரோடு திரியும் ஒரு யானையின் சாயல்.

கூடலூரில் நடந்த இந்த வேலைக்கும் தர்மபுரிக்கும் என்ன சம்பந்தம்? 2023ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களை நினைத்துப் பார்த்தால் புரியும்.

பெயர் கிடைத்த யானை, பெயரில்லாமல் போன யானைகள்

2023 பிப்ரவரியில் பாலக்கோடு பக்கம் விளைநிலங்களில் சுற்றிக்கொண்டிருந்த ஒரு மக்னாவை வனத்துறை மயக்க ஊசி போட்டுப் பிடித்தது. தந்தம் இல்லாத ஆண் யானையைத்தான் மக்னா என்பார்கள். பிடிக்க உதவிய கும்கியின் பெயர் சின்னத்தம்பி. அந்தச் சின்னத்தம்பியும் ஒரு காலத்தில் கோவை தடாகம் பக்கம் தோட்டங்களுக்குள் புகுந்து, 2019ல் பிடிபட்டு, பிறகு கும்கியாக மாறிய யானைதான்.

மக்னாவை லாரியில் ஏற்றி ஆனைமலைக் காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். அது அங்கே தங்கவில்லை. மலை இறங்கி, பொள்ளாச்சி பக்கம் வந்து, நூறு கிலோமீட்டருக்கு மேல் நடந்து, கோவை மாநகரின் ஓரத்துக்கே வந்துவிட்டது. பேரூர் அருகே மறுபடி பிடித்தார்கள். மறுபடி காட்டில் விட்டார்கள். மறுபடி வந்தது. அதே ஆண்டு ஜூலை கடைசியில் மூன்றாவது முறையாகப் பிடித்து வால்பாறை பக்கம் சின்னக்கல்லாறு காட்டில் விட்டார்கள்.

செய்திகளில் அதற்குக் கிடைத்த பெயர் 'தர்மபுரி மக்னா'. பிறந்த காட்டிலிருந்து பிரித்த பிறகுதான் ஊரின் பெயர் அதனோடு ஒட்டிக்கொண்டது. அதற்கப்புறம் மக்கள் அதை ஒரு ஆளைப்போலவே பேசத் தொடங்கினார்கள். 'ஊருக்குப் போக வழி தேடுகிறது' என்றார்கள் சிலர். 'பிடிவாதக்காரன்' என்றார்கள் சிலர். சமூக வலைத்தளங்களில் அதற்காக வருத்தப்பட்டவர்களும் உண்டு.

அதே ஆண்டு மார்ச் 7ஆம் தேதி, மாரண்டஹள்ளி அருகே காளிகவுண்டன்கொட்டாயில், விளைநிலத்தில் சட்டவிரோதமாக வைக்கப்பட்ட மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் இறந்தன. கூட வந்த இரண்டு குட்டிகள் மட்டும் பிழைத்தன. அடுத்த பத்து நாள் கழித்து, கம்பைநல்லூர் பக்கம் ஒரு யானை ஏரிக்கரை மேட்டில் ஏறும்போது உயர் அழுத்த மின்கம்பியில் தலை பட்டு அங்கேயே சரிந்தது. அந்த வீடியோவை நாடே பார்த்தது.

இந்த நான்கு யானைகளுக்கும் பெயர் இல்லை. எண்ணிக்கைதான் இருந்தது.

அந்த மாதத்தில் இன்னொன்றும் நடந்தது. முதுமலை தெப்பக்காடு முகாமின் பொம்மன், பெள்ளி தம்பதியைப் பற்றிய 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்' ஆவணப்படம் ஆஸ்கர் விருது வாங்கியது. அதே வாரத்தில், தர்மபுரி மாவட்டத்தில் தாயைப் பிரிந்து கிணற்றிலிருந்து மீட்கப்பட்ட ஒரு ஆண் குட்டி அவர்களிடம் வந்து சேர்ந்தது. இரண்டு வாரங்களில் அந்தக் குட்டியும் இறந்துபோனது. படத்தில் வரும் ரகுவை உலகத்துக்கே தெரியும். தர்மபுரிக் குட்டியின் பெயரைக் கேட்டால் சொல்ல ஆளில்லை.

ஒரு விலங்குக்குப் பெயரும் முகமும் குணமும் கிடைக்கும்போது அதை நாம் பார்க்கும் விதம் மாறுகிறது. கூடலூர்ச் சிற்பங்கள் தொடங்குவது இந்த இடத்தில்தான்.

காட்டை அடைத்த செடி

சாலையோரங்களில் பார்த்திருப்பீர்கள். மஞ்சளும் ஆரஞ்சும் இளஞ்சிவப்புமாக ஒரே கொத்தில் பல நிறம் காட்டும் சின்னப் பூ. தண்டில் முள். கசக்கினால் காட்டமான வாசனை. அதுதான் உண்ணிச்செடி. தாவரவியல்காரர்கள் லன்டானா கமாரா என்பார்கள்.

இதன் சொந்த ஊர் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகள். 1800களின் தொடக்கத்தில் ஆங்கிலேயர்கள் அழகுச் செடியாக இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். பறவைகள் பழத்தைத் தின்று விதையைக் காடெங்கும் பரப்பின. வெட்டினால் மறுபடி தழைக்கும். தீ வைத்தாலும் துளிர்க்கும். ஆடு மாடு தின்றால் நஞ்சு.

இன்று நிலைமை என்ன? 2020ல் வெளியான ஓர் ஆய்வின்படி, இந்தியாவில் புலிகள் வாழும் காட்டுப் பரப்பில் 40 சதவிகிதத்துக்கு மேல் இந்தச் செடி பரவியிருக்கிறது. பரப்பளவில் சொன்னால் சுமார் 1,54,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பே 1,30,000 சதுர கிலோமீட்டர்தான் என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

உண்ணி அடர்ந்த இடத்தில் புல் முளைப்பது குறைகிறது. புல் இல்லாவிட்டால் மானுக்கும் காட்டெருமைக்கும் யானைக்கும் தீனி இல்லை. காட்டுக்குள் தீனி குறைந்த யானைக்குக் காட்டோரத்தில் ராகியும் கரும்பும் வாழையும் தெரிகின்றன. யானை ஊருக்குள் வருவதற்கு இது ஒன்றே காரணம் அல்ல. வழித்தடங்கள் துண்டானது, வறட்சி, சாலைகள், குவாரிகள் என்று பல உண்டு. ஆனால் இதுவும் ஒரு காரணம். தமிழக அரசே 2022ல் அந்நியக் களைத் தாவரங்களை அகற்றுவதற்கென்று தனிக் கொள்கை கொண்டுவர வேண்டியதாயிற்று.

யானையின் தீனியைப் பறித்த செடியிலேயே யானையைச் செய்வது. கேட்கும்போது எளிதான யோசனையாகத் தெரியும். செய்து பார்த்தால்தான் அதன் பாடு தெரியும்.

தண்டு வேக வேண்டும், கம்பி வளைய வேண்டும்

இந்த வேலையைச் செய்பவர்கள் கூடலூரைச் சேர்ந்த 'தி ரியல் எலிஃபன்ட் கலெக்டிவ்' என்ற அமைப்பினர். பெட்டக்குறும்பர், பணியர், காட்டுநாயக்கர், சோளகர் ஆகிய பழங்குடிச் சமூகங்களைச் சேர்ந்த சுமார் 200 பேர் இதில் உழைத்திருக்கிறார்கள். யானை ஆய்வாளர் தர்ஷ் தெக்கேகரா, வடிவமைப்பாளர் சுப்ரா நாயர் இருவரும் இந்த முயற்சியில் முக்கியமானவர்கள்.

முதலில் இரும்புக் கம்பியில் எலும்புக்கூடு மாதிரி ஒரு சட்டகம். முதுகு எங்கே உயரும், வயிறு எங்கே தொங்கும், தலை எந்தப் பக்கம் திரும்பும் என்பதெல்லாம் இங்கேயே முடிவாகிவிடும். இதில் தப்பினால் மேலே எத்தனை தண்டு சுற்றினாலும் யானை வராது.

அடுத்து உண்ணித்தண்டு. காட்டில் வெட்டி வந்த தண்டுகளைப் பெரிய கொப்பரையில் தண்ணீர் விட்டு வேகவைப்பார்கள். வெந்தால்தான் பட்டை உரியும், தண்டும் வளையும். சூடு ஆறுவதற்குள் வளைத்துக் கம்பியில் பொருத்த வேண்டும். காய்ந்துவிட்டால் முறியும். தடித்த தண்டு காலுக்கும் உடலுக்கும் போகும். மெல்லியது தும்பிக்கைக்கும் காதுக்கும் கண்ணைச் சுற்றிய சுருக்கங்களுக்கும்.

தோலின் மடிப்பைத் தண்டுகளின் ஓட்டமே காட்டிவிடுகிறது. தோளிலிருந்து கால் நோக்கி இறங்கும் தண்டுகள் தசையாகத் தெரியும். நெற்றியில் சுழன்று வரும் தண்டுகள் மேடாகத் தெரியும். வளர்ந்த ஆண் யானை என்றால் சிற்பமும் ஏறக்குறைய ஒன்பது அடி உயரம் நிற்கும். குட்டி என்றால் நம் இடுப்புக்கு வரும். தூரத்தில் நின்று பார்ப்பவர்களுக்கு ஒரு நொடி சந்தேகம் வரும், அசைந்ததோ என்று.

குணத்தைக் கம்பியில் எப்படிக் கொண்டுவருவது?

பொதுவாக ஒரு யானைச் சிலை செய்யச் சொன்னால் எல்லோர் மனதிலும் ஒரே யானைதான் வரும். கோயில் தேரில் இருப்பது, பள்ளிப் புத்தகத்தில் இருப்பது. தும்பிக்கையைத் தூக்கி, காதை விரித்து, கம்பீரமாக நிற்பது.

இந்தக் கூட்டத்தில் அப்படி ஒரு 'பொது யானை' இல்லை. கூடலூர் பகுதியில் தேயிலை, காபித் தோட்டங்களுக்கும் ஊர்களுக்கும் நடுவே நிஜமாக வாழும் யானைகளை மாதிரியாக வைத்துச் செய்தவை இவை. காது மடலில் உள்ள கிழிசல், வாலின் நீளம், தந்தத்தின் வளைவு, முதுகின் மேடு. ஆய்வாளர்கள் காட்டில் ஒரு யானையைத் தனியாக அடையாளம் காண்பது இப்படித்தான். கைவினைஞர்களுக்கு அந்தக் குறிப்புகள் இல்லாமலே தெரியும். அவர்கள் வீட்டு வழியாகப் போகும் யானை அது. எந்த யானை மனிதரைக் கண்டால் ஒதுங்கும், எது நின்று முறைக்கும், எது அரிசி வாசனைக்கு சுவரை இடிக்கும் என்பது அவர்களுக்கு உயிர்ப் பிரச்னை.

அதனால்தான் இந்தச் சிற்பங்களில் குணம் தெரிகிறது. முகத்தில் சிரிப்பு வரைந்து கொண்டுவந்த குணம் இல்லை. நிற்கும் நிலையில் உள்ள குணம். கூட்டத்தை நடத்தும் மூத்த பெண் யானை முன்னே நிற்கும். குட்டி பெரியவர்களின் கால்களுக்கு நடுவே பாதுகாப்பாக நிற்கும். ஆண் யானை சற்றுத் தள்ளி நிற்கும். நம் வீட்டுக் கல்யாணக் கூட்டத்தில் பாட்டி எங்கே உட்காருவார், பேரப்பிள்ளைகள் எங்கே ஓடும், வேலை தேடி வெளியூர் போன பையன் எந்தத் தூணில் சாய்ந்து நிற்பான் என்று யோசித்துப் பாருங்கள். அந்த அமைப்பு அப்படியே தெரியும்.

இது கற்பனையாக ஏற்றிச் சொன்ன மனிதக் குணமும் இல்லை. யானைக் கூட்டத்தை மூத்த பெண் வழிநடத்துவதும், குட்டியை எல்லோரும் சேர்ந்து பார்த்துக்கொள்வதும், இறந்த யானையின் எலும்பருகே மற்றவை நின்று தடவிப் பார்ப்பதும் ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளாகப் பதிவு செய்த உண்மைகள். குடும்பம் என்பது மனிதருக்கு மட்டும் சொந்தமான சொல் இல்லை என்பதைத்தான் சிற்பம் சொல்கிறது.

லண்டன் பூங்காவில் கூடலூர்க் குடும்பம்

2021ல் இந்த யானைகள் லண்டனுக்குப் போயின. கிரீன் பார்க், செயின்ட் ஜேம்ஸ் பார்க் போன்ற அரச பூங்காக்களில் புல்வெளியில் கூட்டமாக நின்றன. ஏற்பாடு செய்தது 'எலிஃபன்ட் ஃபேமிலி' என்ற பிரிட்டன் அமைப்பு. அதை 2002ல் தொடங்கியவர்களில் ஒருவர் மார்க் ஷாண்ட். இன்றைய பிரிட்டன் ராணி கமிலாவின் தம்பி. தாரா என்ற யானை மேல் ஏறி இந்தியாவில் பயணம் போய், அதைப் புத்தகமாகவும் எழுதியவர்.

2024 தொடக்கத்தில் பெங்களூரு லால்பாக் பூங்காவில் நின்றன. தர்மபுரியிலிருந்து மூன்று மணி நேரப் பயணம்தான் என்பதால் இந்தப் பக்கத்துக் குடும்பங்கள் சில நேரில் பார்த்திருக்கலாம். அதே ஆண்டு ஜூலையில் 100 யானைகள் அமெரிக்காவின் நியூபோர்ட் கடற்கரையில் இறங்கின. பிறகு நியூயார்க், மியாமி பீச். 2025ல் ஹியூஸ்டன், மான்டனாவில் பிளாக்ஃபீட் பழங்குடியினரின் ஊர், கடைசியாக லாஸ் ஏஞ்சலஸ். 'மாபெரும் யானை வலசை' என்று அந்தப் பயணத்துக்குப் பெயர்.

அருங்காட்சியகச் சிலைகளில் 'தொடாதீர்கள்' என்று பலகை இருக்கும். இங்கே தொடலாம். குழந்தைகள் தும்பிக்கையைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்துக்கொண்டார்கள். சிற்பங்களை விற்று வரும் பணம், மனிதரும் விலங்கும் ஒரே நிலத்தில் வாழ வழி தேடும் வேலைகளுக்குப் போகிறது. செய்தவர்களுக்குக் கூலி கிடைக்கிறது. காட்டிலிருந்து கொஞ்சம் உண்ணியும் வெளியேறுகிறது.

கொஞ்சம்தான். லட்சக்கணக்கான சதுர கிலோமீட்டரில் பரவிய செடியை நூறு சிற்பங்கள் காலி செய்துவிடாது. அதை அவர்களும் அறிவார்கள். மனிதரின் பார்வையை மாற்றுவதுதான் பெரிய நோக்கம்.

முயல் யோசிக்கிறது, சிலந்தி தாயாகிறது

விலங்குக்கு மனிதக் குணம் கொடுக்கும் சிற்பங்கள் நவீன உலகில் நிறைய உண்டு. வழிகள்தான் வேறு வேறு.

பிரிட்டன் சிற்பி பேரி ஃபிளானகன் (1941-2009) வெண்கல முயல்களுக்குப் பேர்போனவர். அவர் முயல் ஆடும், குத்துச்சண்டை போடும். 1997ல் செய்த ஒரு சிற்பத்தில் பாறை மேல் உட்கார்ந்து, ரோடன் செய்த புகழ்பெற்ற 'சிந்தனையாளர்' சிலையைப் போலவே கன்னத்தில் கை வைத்து யோசிக்கும். பார்த்ததும் சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பு முயலைப் பார்த்து வந்ததா, நம்மைப் பார்த்து வந்ததா என்று பிறகு யோசிக்க வைக்கும். இங்கே விலங்கு மனிதனின் வேஷம் போடுகிறது.

லூயிஸ் பூர்ஷ்வா 1999ல் செய்த 'மமான்' வேறு வகை. 'அம்மா' என்று அர்த்தம். முப்பது அடிக்கும் மேல் உயரமான சிலந்தி. வயிற்றுப் பையில் பளிங்கு முட்டைகள். பயமுறுத்தும் உருவம். ஆனால் சிற்பியின் அம்மா பழைய திரைச்சீலைகளைச் செப்பனிடும் நெசவுத் தொழில் செய்தவர். நூல் நூற்று, கிழிந்ததை ஒட்டி, பொறுமையாக வாழ்ந்த தாயை அவர் சிலந்தியில் கண்டார். இங்கே மனிதக் குணத்துக்கு விலங்கு உடல் கொடுக்கிறது.

தமிழ்நாட்டில் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தின் சிற்பி எஸ்.நந்தகோபால் (1946-2017) செம்பையும் பித்தளையையும் பற்றவைத்துக் கருடனையும் அனுமனையும் பறவைகளையும் செய்தார். மனிதனும் விலங்கும் தெய்வமும் ஒன்றுக்குள் ஒன்று கலந்து நிற்கும் உருவங்கள் அவருடையவை. நடுகற்களின் நினைவும் அவர் சிற்பங்களில் ஓடுகிறது.

கூடலூர் யானைகள் இந்த மூன்றிலும் சேராது. அவை மனித வேஷம் போடவில்லை. வேறு யாருக்கோ உவமையாகவும் நிற்கவில்லை. யானை யானையாகவே நிற்கிறது. அதில் நம் குடும்பத்தின் சாயலைக் கண்டுகொள்வது பார்ப்பவரின் வேலை.

தர்மபுரி மண்ணுக்கு இது புதிதல்ல

நடுகல் என்றாலே வரலாற்று ஆர்வலர்கள் தர்மபுரியைத்தான் சொல்வார்கள். ஆநிரை மீட்கும் சண்டையில் இறந்தவன், புலியோடு போராடி இறந்தவன் என்று நூற்றுக்கணக்கான வீரர்களுக்கு இந்தப் பக்கம் கல் நட்டிருக்கிறார்கள். தர்மபுரி அரசு அருங்காட்சியகத்தில் நிறையவே பார்க்கலாம். பல கற்கள் இன்றும் வயல் வரப்பிலும் கோயில் வாசலிலும் பூ வைத்து கும்பிடப்படுகின்றன.

அந்த மரியாதை மனிதருக்கு மட்டும் இருந்ததா? இல்லை. அரூரை அடுத்து, திருவண்ணாமலை மாவட்டத்துக்குள் இருக்கும் எடத்தனூரில் ஒரு நடுகல் உண்டு. முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் காலம், அதாவது ஏழாம் நூற்றாண்டின் தொடக்கம். மாடுகளைக் காக்கப் போராடி இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்தது. அவன் பக்கத்தில் ஒரு நாய் நிற்கிறது. அதன் பெயர் கோவிவன் என்றும், கள்வர் இருவரைக் கடித்துத் தலைவனுக்குக் காவல் நின்றது என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள். 1,400 ஆண்டு கழித்தும் அந்த நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது!

விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் சண்டையில் இறந்த ஒரு சேவலுக்கே தனிக் கல் இருக்கிறது. விசுவாசம் நாய்க்கும் வீரம் சேவலுக்கும் உண்டு என்று நம்பியவர்கள் அதைக் கல்லில் வெட்டினார்கள்.

யானைக்கும் இடம் உண்டு. தர்மபுரி கோட்டைக் கோயிலில் காமாட்சியம்மன் சந்நிதியின் அடித்தளத்தை யானைகள் தாங்கி நிற்பதுபோல் செதுக்கியிருக்கிறார்கள். பாரம் சுமப்பது, காவல் நிற்பது, பொறுமை காப்பது எல்லாம் அந்தக் கால யானைக்குக் கொடுத்த வேலை. பெயர் மட்டும் கொடுக்கவில்லை.

குணம் சொல்வதில் உள்ள ஆபத்து

விலங்குக்கு மனிதக் குணம் கொடுப்பது எப்போதும் நல்லதுதானா? அதையும் கேட்டாக வேண்டும்.

'சாது', 'குறும்புக்காரன்' என்று சொல்லும் அதே வாய்தான் 'ரவுடி', 'கொலைகாரன்', 'அட்டகாசம்' என்றும் சொல்கிறது. யானை ஊருக்குள் வந்த செய்திகளில் 'அட்டகாசம்' என்ற சொல்லை எத்தனை முறை படித்திருப்பீர்கள்? பசித்து வந்த விலங்குக்கு வில்லன் வேஷம் போட்டுவிட்டால், அதை எப்படியாவது அப்புறப்படுத்த வேண்டும் என்ற எண்ணம் தானாக வந்துவிடும். மறுபக்கம், 'அழகுக் குட்டி' என்று உருகுபவர்கள் பக்கத்தில் போய் செல்ஃபி எடுக்கப் பார்க்கிறார்கள். இரண்டுமே யானைக்கும் ஆபத்து, மனிதருக்கும் ஆபத்து.

விவசாயியின் பக்கம் நின்றும் பார்க்க வேண்டும். கடன் வாங்கிப் போட்ட வாழை ஒரே ராத்திரியில் போனால், லண்டன் பூங்காவில் நிற்கும் சிற்பம் அந்தக் குடும்பத்துக்கு ஆறுதல் ஆகாது. யானை மிதித்து உறவை இழந்த வீட்டில் 'யானைக்கும் குடும்பம் உண்டு' என்று பாடம் நடத்த முடியாது. தொலைவில் இருப்பவருக்கு யானை அழகு. பக்கத்தில் இருப்பவருக்கு அது விடிய விடியக் கண்விழிப்பு.

ஆனால் மாரண்டஹள்ளியில் மூன்று யானைகளைக் கொன்ற முறைக்கு அது நியாயம் ஆகாது. சூரிய மின்வேலி என்பது வேறு. அதில் விட்டு விட்டு வரும் குறைந்த நேர மின்னதிர்வு விலங்கை விரட்டும், கொல்லாது. மின்கம்பத்திலிருந்தோ மோட்டார் இணைப்பிலிருந்தோ நேரடியாகக் கம்பிக்கு மின்சாரம் விடுவது யானையை மட்டுமல்ல, அந்த வழியாக வரும் மனிதரையும் கொல்லும். வேலிக்குப் பதிவும் அனுமதியும் வேண்டும் என்று தமிழக அரசு 2023ல் தனி விதிகளே கொண்டுவந்தது.

கூடலூர்ச் சிற்பங்களின் பலம் இங்கேதான். அவற்றைச் செய்தவர்கள் தொலைவில் இருந்து யானையை ரசிப்பவர்கள் இல்லை. யானையால் இழப்பும் பயமும் அனுபவித்த ஊர்க்காரர்கள். யானைக்கு வில்லன் வேஷமும் போடாமல், தெய்வமும் ஆக்காமல், 'இந்த யானை இப்படிப்பட்டது, பார்த்து நடந்துகொள்' என்று அண்டை வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்வதுபோல் சொல்ல அவர்களால்தான் முடியும். யார் எப்படிப்பட்டவர் என்று தெரிந்தால் எச்சரிக்கையாகவும் இருக்கலாம், அநாவசியப் பகையையும் தவிர்க்கலாம்.

இங்கே என்ன செய்யலாம்?

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இப்போது இரண்டு காவிரி சரணாலயங்கள் இருக்கின்றன. காவிரி வடக்கு 2014லும், காவிரி தெற்கு 2022லும் அறிவிக்கப்பட்டன. கர்நாடகக் காடுகளிலிருந்து இந்த வழியாக யானைகள் வலசை வருவது நிற்கப்போவதில்லை. உண்ணிச்செடிக்கும் இங்கே பஞ்சமில்லை. மண்ணில் குதிரை செய்து முனியப்பன் கோயிலுக்குக் கொடுக்கும் வழக்கமும், கல்லில் வீரனைச் செதுக்கிய மரபும் இந்த மண்ணுக்கே சொந்தம்.

ஒகேனக்கல்லுக்கு விடுமுறை நாளில் ஆயிரக்கணக்கில் மக்கள் வருகிறார்கள். மீன் வறுவல் சாப்பிட்டு, பரிசலில் சுற்றி, குளித்துவிட்டுத் திரும்பும் வழியெல்லாம் யானைக்காடுதான். 'யானைகள் கடக்கும் பகுதி' என்ற மஞ்சள் பலகையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதே இடத்தில் உள்ளூர்க் கைகள் செய்த ஒரு யானைக் குடும்பம் நின்றால் வண்டியின் வேகம் தானாகக் குறையும். செய்கிறவர்களுக்கு வருமானமும் வரும்.

மாரண்டஹள்ளியில் இறந்த மூன்று யானைகளுக்கு ஒரு கல்லோ உருவமோ வைக்கலாமா என்ற கேள்வி சிலருக்கு அதிகப்படியாகத் தோன்றலாம். மாடு காத்த நாய்க்குப் பெயர் எழுதி வைத்த ஊர்க்காரர்களின் வழியில் வந்தவர்களுக்கு அது அதிகப்படி இல்லை.

பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு தர்மபுரி டவுன் பக்கம் போனால், அருங்காட்சியகத்தில் நடுகற்களைப் பாருங்கள். கோட்டைக் கோயிலில் பாரம் தாங்கும் யானைகளைக் காட்டுங்கள். 'இந்த யானைக்கு என்ன பெயர்?' என்று பிள்ளை கேட்டால், அவர்களையே ஒரு பெயர் வைக்கச் சொல்லுங்கள்.

(அடுத்த வாரம் வேறொரு ஊர், வேறொரு உருவம்.)